உடைசல் அண்ணனின் கடலை இல்லாத லட்டு

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் உடைசல் அண்ணனைவிட ஜாக்கிரதையான மனிதர் பிறந்ததும் இல்லை, குடியேறியதும் இல்லை. அந்த ஜாக்கிரதை முற்றிப்போய், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் வீட்டு வாசலில் தட்டோடு வந்து நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. பத்து நாற்பது என்று இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று நான் கடிகாரத்தைப் பார்த்தது மாதிரி என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக்கூடப் பார்த்ததில்லை.

என் மகள் ஷெரினுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இப்போது நன்றாக இருக்கிறாள், பக்கத்து அறையில் யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். நாங்களும் வீடு மாறி எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வந்துவிட்டோம். ஆனாலும் இதை எழுதும்போது நடுநடுவே எழுந்துபோய் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறேன். அப்படியிருந்தும், அந்த மனிதரைப் பற்றிச் சிரிக்காமல் எழுத முடியவில்லை. அது அவருடைய குற்றம்.

உடைசல் அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ஆதார் அட்டையில் இருந்திருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது. அவரே போனை எடுத்து, "ஹலோ, ஒடசல் பேசறேன்" என்றுதான் சொல்வார். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். அப்பாவுக்கும் சுரங்கம்தான். சுரங்கத்தை மூடியதும் இவர் பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார். எங்களுக்குப் பின்தெருவில் ஷீட் கூரை போட்ட இரண்டு அறைகள். அதுதான் அவருடைய தொழிற்சாலை.

தொழில் என்னவென்றால், மொத்த வியாபாரிகள் விற்க முடியாது என்று ஒதுக்கும் கொட்டை பருப்புகளை வாங்கி, விற்றே தீரும் பண்டங்களாக மாற்றுவது. பாதி முந்திரி, கால் முந்திரி, முந்திரிக் குருணை, மெஷினில் நசுங்கிய பாதாம், பொடியாய்ப்போன அக்ரூட், பிளந்துபோன வேர்க்கடலை. முழுசாக இருந்தால் மதிப்பு, உடைந்தால் மாட்டுத் தீவனம் என்று உலகம் வைத்திருந்த சட்டத்தை அவர் ஏற்கவில்லை. முந்திரிக் குருணை ஓட்டல்காரர்களின் குருமாவைக் கெட்டியாக்கும் பொடியாயிற்று. நசுங்கிய பாதாம், பாலில் கலக்கும் பொடியாயிற்று. அக்ரூட் தூள் பேக்கரிக்குப் போய் கேக்காயிற்று. பாதாம் தோலைக்கூட விடாமல் அரைத்து, முகத்துக்குப் பூச என்று பியூட்டி பார்லருக்குக் கொடுத்தார். மூன்றே வருடத்தில் இரண்டு அறை நான்கு அறையாகி, மூடிப்போன பேக்கரி ஒன்றின் வறுக்கும் மெஷினும் வந்து சேர்ந்தது.

"முழு முந்திரி வாங்கறவன் கண்ணால துன்றான் தங்கச்சி. அரைச்சத வாங்கறவன் நாக்கால துன்றான். எனக்கு நாக்கு கஸ்டமர் போதும்" என்பார்.

ஒரு முறை கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி வாங்க அவரோடு யஷ்வந்த்பூர் மண்டிக்குப் போனேன். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே பிறை பிறையாக வெள்ளை முந்திரி.

"இன்னாபா இது, எல்லாம் முழுசா கீது?" என்று முகத்தைச் சுளித்தார் உடைசல் அண்ணன்.

"ஃபர்ஸ்ட் குவாலிட்டி அண்ணா!"

"அத்த எதுனா கல்யாண வூட்டுக்குக் குடு. எனக்கு ஜல்லடைக்குக் கீழ வுழுந்தத காட்டு."

"அது உடஞ்சது அண்ணா."

"பின்ன, அது ஒடஞ்சி பட்ட பாட்டுக்கு நான் மரியாத குடுக்க வாணாமா?"

அதே மண்டிக்காரர் ஒரு நாள் தவறுதலாக ஒரு மூட்டை முழு முந்திரியை உடைசல் விலைக்கு அனுப்பிவிட்டார். வேறு யாராயிருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு கும்மாளம் போட்டிருப்பார்கள். இவர் துக்க வீட்டுக்காரர் மாதிரி வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் யோசனை சொன்னேன். "எப்படியும் அரைக்கத்தானே போறீங்க? ரெண்டு தட்டு தட்டி உடைச்சுக்குங்கண்ணே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "தானா ஒடஞ்சாதான் ஒடசல் தங்கச்சி. நான் ஒடச்சா அது கொல."

மூட்டை திரும்பிப் போயிற்று. ஆட்டோ வாடகையும் அவருடையது.

ஜாக்கிரதை என்றேனே, அதற்கு வருகிறேன். முழுப் பருப்பைவிட உடைந்த பருப்பு சீக்கிரம் கெடும். எண்ணெய் வெளியே வந்து காறல் வாடை அடிக்கும், ஈரம் பட்டால் பூஞ்சணம் ஏறும். "ஒடஞ்சது வேற, கெட்டது வேற" என்பதுதான் அவருடைய வேதம். ஒவ்வொரு மூட்டையிலும் தலையை விட்டு மோந்து பார்ப்பார். மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் எடுத்துக் கடிப்பார், துப்புவார், வாய் கொப்புளிப்பார், மறுபடி கடிப்பார். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு மூட்டை பாதாமில் லேசாகப் புழுக்க வாடை. வாங்க வந்திருந்த ஓட்டல்காரர், வறுத்து மசாலா போட்டால் யாருக்கும் தெரியாது என்றார்.

"யாருக்கும் தெரியாதுன்னு தெரிஞ்சிதான் கொட்டறேன்" என்றார் உடைசல் அண்ணன். மூட்டையைக் குப்பை லாரியில் ஏற்றியதோடு நிற்கவில்லை. யாராவது பொறுக்கிவிடுவார்களோ என்று லாரி கிளம்பும்வரை பக்கத்திலேயே காவல் இருந்தார்.

அவர் உள்ளறைச் சுவரில் கரியால் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். தெருவில் யார் யாருக்கு என்ன ஆகாது என்ற பட்டியல். 'ஜோசப் சார்: சக்கரை.' 'மாடி வீட்டம்மா: பல்லு இல்ல, நைசா அரை.' 'கம்பவுண்டர்: பாதாம் துன்னா கோவம் வரும்.' அதில் நான்காவதாக, கொட்டை எழுத்தில், நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியது: 'ஷெரின் பாப்பா: கடலை ஆகவே ஆகாது.'

ஷெரினுக்கு மூன்று வயதில், என் பிறந்த ஊரான திண்டுக்கல்லில், ஒரு கரண்டி கடலைச் சட்னியில் முகம் வீங்கி மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முந்திரி, பாதாம் எல்லாம் அவளுக்கு ஒன்றும் செய்யாது, வேர்க்கடலை மட்டும் விஷம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து நான் ஒரு நடமாடும் சோதனைச் சாவடி. கல்யாண வீடுகளில் சமையல்காரர்கள் என்னைக் கண்டால் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். தெருவில் நான் நம்பி வாங்கிய ஒரே ஆள் உடைசல் அண்ணன். வேர்க்கடலைக்குத் தனி அறை, தனிக் கடாய், தனிக் கிழமை என்று அவர் பிரித்து வைத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

ஷெரினின் வகுப்பைப் பன்னேர்கட்டாவுக்கு மிருகங்கள் பார்க்க அழைத்துப் போனார்கள். காலை ஆறே முக்காலுக்குத் தெருமுனையில் பள்ளி வண்டிக்கு நின்றோம். உடைசல் அண்ணன் தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு ஓடிவந்தார். கையில் ஒரு டப்பா.

"பாப்பா, இந்தா. லட்டு. உனக்குன்னே தனியா பண்ணேன். சிநேகிதிங்களுக்கும் குடு."

ஷெரின் நான் பழக்கிவைத்தபடி கேட்டாள். "மாமா, கடலை இருக்கா?"

"சத்தியமா இல்ல பாப்பா. கடலை இந்தக் கடாய் பக்கமே வர்ல."

நான் என் பங்குக்கு விசாரித்தேன். "அண்ணே, நெஜமா? கடலை பட்ட கரண்டி, கடலை பட்ட கை?"

"தங்கச்சி, கரண்டி புச்சு. கை ரெண்டு வாட்டி கழுவிகினேன். வோணும்னா மோந்து பாரு."

மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருந்தார்: 'கடலை இல்லை. நோ கடலை.' எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. சொந்த மாமன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று நினைத்துக்கொண்டே மகளுக்குக் கையசைத்தேன்.

பத்து நாற்பதுக்கு வாசல் மணி. எனக்கென்று ஒரு தட்டில் ஐந்து லட்டு எடுத்துக்கொண்டு, பாராட்டு வாங்க வந்து நின்றார்.

"பாப்பா துன்னுச்சாமா? போன் எதுனா பண்ணுச்சா?"

"பிள்ளைங்களுக்குப் போன் கிடையாதுண்ணே. சாயங்காலம் வந்து சொல்லுவா" என்றபடி ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

முதல் கடியிலேயே வாயில் இருந்ததைக் கையில் துப்பினேன்.

"அண்ணே, இதுல கடலை இருக்கு."

"இல்ல தங்கச்சி."

"இருக்குண்ணே!"

"ஒரு மணி கூட இல்ல! லட்டுன்னா எல்லாரும் கடலை மாவுலதான புடிப்பாங்கோ? பாப்பாவுக்கு ஆவாதேன்னு நான் அத்த தொடவே இல்ல. மூணு நாள் ரோசன பண்ணேன். கடைசில கடலைக்குப் பதிலா, ஒடசல் மல்லாட்டைய நல்லா வறுத்து, தோல பொடச்சி, வெல்லம் போட்டு... முழுக்க முழுக்க மல்லாட்டை தங்கச்சி!"

எங்கள் திண்டுக்கல் பக்கம் கடலை என்றால் வேர்க்கடலை. மற்றதற்கெல்லாம்தான் பொட்டு, கொண்டை என்று முன்னால் ஒட்டு வேண்டும். அவருடைய வட ஆற்காட்டு வாயில் மண்ணுக்குள் விளைகிற வேர்க்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. கடலை என்றால் அது பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு. கன்னடக்காரர்களும் 'கட்லே' என்று அந்தப் பருப்பைத்தான் சொல்வார்கள் என்பதால், இத்தனை வருடப் பெங்களூர் வாசத்தில் யாரும் அவரைத் திருத்தவில்லை. மூன்று வருடமாக அவர் சுவரில் நான் எழுத வைத்திருந்தது, என் மகளுக்குப் பொட்டுக்கடலை ஆகாது என்று.

அவர் அன்பின் மிகுதியால், பார்த்துப் பார்த்து, புதுக் கரண்டி வாங்கி, என் மகளுக்கு விஷம் உருட்டிக் கொடுத்திருக்கிறார். நானும் கையசைத்து அனுப்பியிருக்கிறேன்.

"மல்லாட்டைதான்ணே கடலை!" என்று கத்தினேன். "அதத்தான்ணே அவ சாப்பிடக்கூடாது!"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதற்கு ஒரு நிமிடம் பிடித்தது. இறங்கியதும், அந்த முகத்தில் வேறொன்றும் மிச்சமில்லை.

வகுப்பு ஆசிரியையின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கன்னடத்தில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. மூன்று முறை சொன்னது. பள்ளி அலுவலகத்தில், "எல்லாரும் சஃபாரி பஸ்ல இருப்பாங்க மேடம், காட்டுக்குள்ள சிக்னல் இருக்காது, பன்னிரண்டரைக்குத்தான் லஞ்ச், அதுக்குள்ள சொல்லிடலாம்" என்றார்கள். என் கணவர் ஆபீஸ் வேலையாகப் புனேயில் இருந்தார். ஆப்பில் கூப்பிட்ட டாக்சி ஏழு நிமிடம் என்றது, பதினொன்று என்றது, பிறகு டிரைவர் மனம் மாறிவிட்டதாகத் தெரிவித்தது.

"ஏறு தங்கச்சி" என்றார் உடைசல் அண்ணன்.

வாசலில் அவருடைய லக்கேஜ் ஆட்டோ. அதையும் அவர் உடைசலில்தான் வாங்கியிருந்தார். ஒரு பக்கக் கதவு இல்லை, கண்ணாடியில் பாதி இல்லை, ஹாரன் வேலை செய்யாது. ஓட்டுபவருக்கு மட்டும் உள்ள சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னால் காலி டின்கள் உருள, பதினொன்றுக்குக் கிளம்பினோம். நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும்.

ஹாரனுக்குப் பதில் அவர் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே வந்தார். "சைடு பிடி ஸ்வாமி! சைடு பிடி!" வழி விடு என்று கன்னடத்தில் சொல்கிறார். தமிழர்கள் நிறைய உள்ள தெருக்களில் சிலர் எதையோ பிடிக்கச் சொல்கிறார் என்று வண்டி அருகே வந்தார்கள். "பாப்பாக்கு மல்லாட்டைபா! மல்லாட்டை!" என்று காரணத்தையும் சேர்த்துக் கத்தினார். ரிச்மண்ட் ரோடு சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்காரர் என் பக்கம் குனிந்து, உருளும் டின்களைப் பார்த்து, "கேஜி எஷ்டு?" என்று விலை கேட்டார். நான் அவரைப் பார்த்து அழுதேன். அவர் விலை அதிகம் போலிருக்கிறது என்று ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த சிக்னலில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் கை காட்டினார். அந்த நேரத்தில் சரக்கு வண்டி அந்த ரோட்டில் வரக்கூடாதாம். நான் கீழே குதித்து, எனக்குத் தெரிந்த கன்னடத்தையெல்லாம் ஒன்று திரட்டி, மகள் கட்லே தின்றுவிட்டாள், செத்துவிடுவாள் என்றேன்.

போலீஸ்காரர் குழம்பிவிட்டார். "கட்லே தின்றே ஏனாகத்தே மேடம்? ஒள்ளேது!"

கடலை தின்றால் உடம்புக்கு நல்லதுதானே என்கிறார். அதே வார்த்தை, அதே தவறு, ஒரே நாளில் இரண்டாம் முறை, இந்தத் தடவை என் வாயாலேயே! "கட்லேகாய் சார்! சேங்கா! பீநட்! அலர்ஜி!" என்று கையில் அகப்பட்ட பெயரையெல்லாம் வீசினேன். உடைசல் அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கை உடைந்த வேர்க்கடலையை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். "இதுதான் சார். இதுதான் கொலகாரன்."

போலீஸ்காரருக்கு விளங்கிவிட்டது. நல்ல மனிதர், விசில் ஊதி எதிர்ப்பக்கத்தையே நிறுத்திவிட்டார்.

டெய்ரி சர்க்கிளைத் தாண்டும்போது என் போன் அடித்தது. பதினொன்று ஐம்பத்திரண்டு. பள்ளியின் பி.டி. மாஸ்டர்.

"மேடம், பயப்படாதீங்க. பதினொன்றரைக்கு ஸ்நாக்ஸ் பிரேக்கில ஷெரின் ஏதோ லட்டு சாப்பிட்டா. உதடு வீங்கிடுச்சு, வாந்தி, மூச்சு வாங்குது. மெயின் ரோட்டு நர்சிங் ஹோமுக்கு நானே தூக்கிட்டு வந்துட்டேன். டாக்டர் உடனே ஊசி போட்டாங்க. டப்பால கடலை இல்லைன்னு எழுதியிருக்கே மேடம், அதனால பூச்சி கடிச்சிருக்குமான்னு டாக்டர் கேக்கறாங்க."

"பீநட்!" என்று நான் அலறியதில் பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். "அந்த லேபிள் தப்பு சார்! முழுக்க பீநட்!"

நாங்கள் லஞ்சுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓடிக்கொண்டிருந்தபோதே அவள் சாப்பிட்டு முடித்திருக்கிறாள். உடைசல் அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அதன்பின் அவர் கத்தவும் இல்லை. ஹாரன் இல்லாத வண்டி, கத்தாத டிரைவர். எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஷெரினின் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்தான் இருந்தன. மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடி. கைகளில் தடிப்புத் தடிப்பாய். என்னைப் பார்த்து விரலை மட்டும் அசைத்தாள். இளவயது டாக்டரம்மா ஒருவர் சொன்னார். "சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துட்டாங்க. ஆனா அடங்கின மாதிரி இருந்து மறுபடி கிளம்பலாம். சாயங்காலம் வரைக்கும் கண்ணை எடுக்க முடியாது. யார் கொடுத்தது இதை?"

நான் திரும்பினேன். வாசலில், தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு அவர் நின்றிருந்தார்.

அப்போது நான் சொன்னதையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது. கேடுகெட்ட உடைசலை வைத்துக்கொண்டு ஊரைக் கொல்கிறீர்கள் என்றேன். அவர் ஒரு பருப்பைக்கூட கெட்டதாக விற்காதவர் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். தப்பில் பாதி என் வாயுடையது என்றும் தெரியும். அதனால் இன்னும் சத்தமாகச் சொன்னேன். கடைசியாக, "இனிமே என் பொண்ணு கண்ணு முன்னாடி வராதீங்க!" என்றேன்.

டாக்டரம்மாதான் இடையில் கேட்டார். "இதே லேபிள் போட்டு வேற எங்கேயாவது கொடுத்திருக்கீங்களா?"

அவர் சட்டென்று திரும்பி நடந்தார். வெளியே லக்கேஜ் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் ஒரு கசப்பான திருப்திகூட இருந்தது.

இரண்டரை மணிக்கு எங்கள் தெரு பேக்கரிக்காரர் போன் செய்தார். "மேடம், இந்த ஒடசலுக்கு என்ன ஆச்சு? கடைக்குள்ள புகுந்து, பாப்பாவுக்குப் பண்ணதுல மிச்சம்னு 'கடலை இல்லை' ஒட்டிக் காலைல வெச்ச லட்டு பாக்கெட்டையெல்லாம் வாரிக்கிட்டாரு. ஒரு கஸ்டமர் வாய்கிட்ட கொண்டுபோனதக் கைல இருந்து புடுங்கிட்டாரு மேடம்! அந்தாளு போலீசைக் கூப்பிடுவேன்னு நிக்கறாரு. கேட்டா உங்க நம்பரக் குடுத்து, டாக்டர்கிட்டயே விசாரின்னு சொல்றாரு."

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் ஓடிவந்தாள். டாக்டரம்மா பயந்த மாதிரியே ஆயிற்று. தடிப்புகள் மறுபடி கிளம்பி, ஷெரினின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. என்னை வெளியே தள்ளித் திரையை இழுத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் உத்தரவுகள், காலடிகள், இன்னொரு ஊசி. இந்தப் பக்கம் நானும் என் போனும். போன் மறுபடி அடித்தது. புனேயிலிருந்து கணவர் என்று நினைத்து எடுத்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மாள்.

"ஏங்க, ஒருத்தர் எங்க வூட்டு வாசல்ல ஒக்காந்துகினு போமாட்றாருங்க. பேக்கரில வாங்கின லட்டு ஒண்ணு கணக்குல கொறையுதாம். அத்த எங்கூட்டுக்காரரு துன்னுட்டாருன்னு சொன்னேன். அப்ப அவுரு நாக்கக் காட்டச் சொல்லுன்றாரு. காட்டலாமாங்க?"

அந்த நிலைமையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரைக்கு அப்பால் மகளின் மூச்சு விசிலடிக்கிறது, இப்பால் நான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே சிரிக்கிறேன். "காட்டச் சொல்லுங்கம்மா" என்றேன். "அவர் பார்த்தாத்தான் நம்புவாரு."

கொஞ்ச நேரம் பொறுத்து அந்த அம்மாளின் குரல். "பாத்துட்டாருங்க. டார்ச் அடிச்சிப் பாத்துட்டாரு. நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் போய்ட்டாருங்க."

நாலரைக்குத் திரையை விலக்கினார்கள். விசில் நின்றிருந்தது. கோடுகளாயிருந்த கண்கள் கொஞ்சம் திறந்து என்னைத் தேடின. டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து முதல் முறையாகத் தண்ணீர் குடித்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது.

ஆக்சிஜன் மூடியைக் கொஞ்சம் விலக்கி ஷெரின் கேட்டாள். "மாமா எங்கம்மா?"

"அவர் பேச்சை எடுக்காதே."

"லட்டு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. தொண்டை நமநமன்னதும் நிறுத்திட்டேன். பாதிதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ரெண்டு ரெண்டு சாப்பிட்டாங்க. எங்க கிடைக்கும்னு பி.டி. மாஸ்டர்கூடக் கேட்டாரு."

ஜன்னல் வழியாக நர்சிங் ஹோம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்காகப் பார்க்கிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. பேக்கரிக்காரர் மறுபடி போன் செய்து, ஒரு பாக்கெட் விடாமல் எல்லாம் திரும்பி வந்துவிட்டது, அந்த மனிதர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட குடிக்கவில்லை போலிருக்கிறது மேடம் என்றார். நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

ஆறேகால் இருக்கும். வார்டு கதவை யாரோ முதுகால் தள்ளித் திறந்தார்கள். சாமான் எதையாவது இழுத்துக்கொண்டு வருகிறார்களோ என்று நினைத்தேன். மாவு படிந்த ஒரு சட்டை முதுகு மட்டும் உள்ளே வந்தது. பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக வைத்து, வழியில் இருந்த ஸ்டூலில் இடித்து, சலைன் கம்பத்தில் மோதினார் உடைசல் அண்ணன். கம்பம் ஆட, நர்ஸ் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"ஏன்ரீ இது? ஈ கடே நோட்ரீ!" இந்தப் பக்கம் பார்த்து நடங்கள் என்று அதட்டினாள்.

அவர் திரும்பவில்லை. கட்டிலுக்கு நான்கடி தள்ளி, சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"அண்ணே, என்ன இது?" என்றேன்.

"நீ சொன்ன மாதிரியே பாப்பா கண்ணு முன்னாடி வர்ல தங்கச்சி. முதுகு மட்டும்தான் வந்துகீது" என்றார் சுவரிடம். "பாப்பா மூச்சு வுடற சத்தத்த ஒரே ஒரு வாட்டி கேட்டுட்டு, அப்டியே நேரா போய்டறேன்."